நாய்ப் படுக்கைப்புண் வகைமை விளக்கம்

எலும்புக்கும் தரைக்கும் நடுவே தோல் மாட்டிக்கொண்டு, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி, அவ்விடம் செத்துப்போவது படுக்கைப்புண் எனப்படும். மருத்துவ நூலார் இதை ஆழம் பார்த்து நான்கு நிலையாக வகுப்பர்: சிவந்தது, தோல் பிய்ந்தது, தோலடி கடந்து இறங்கியது, எலும்பு தெரிவது. யாம் தரை பார்த்து வகுக்கிறோம். எல்லை, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கிக் குமுளி வரை. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாவே எனின், இரண்டும் தமிழ்நாட்டைத் தொடும் என்க.

முதலாவது சிமெண்டுத் தரை. சதைப்பற்று இல்லாத சிப்பிப்பாறை நாய்க்கு இது எமன். முதலில் முழங்கையில் முடி உதிர்ந்து காய்ப்பு விழும், பிறகு வெடிக்கும். வெளியே ஐம்பது பைசா அளவுதான் தெரியும். ஓரத்தை விலக்கினால் உள்ளே தோலுக்கடியில் விரல் நுழையும் பொந்து. இரண்டாவது, மூணாறு லயத்து ஈரத் தரை. மூத்திரமும் மழைச் சாரலும் தோலை ஊறவைக்க, பாதி வேலையைத் தரையே முடித்துவிடும். மூன்றாவது டைல்ஸ். அது வழுக்கும், கிழட்டு நாய் எழ முயன்று தோற்று, படுத்தே கிடக்கும். கடைசி வகை சாக்கு. இதைத் தரையில் சேர்க்கலாமா என்று தடை எழுப்புவோர் உளர். நாலு நாளில் அமுங்கிய சாக்கு, பெயரில் மெத்தை, பொருளில் சிமெண்டு. ஆகவே சேரும்.

இனி வைத்தியர் வகை. மஞ்சள் அப்புவோர், டெட்டாலைக் கலக்காமல் ஊற்றுவோர், புழு வைத்ததும் கற்பூரமும் டர்பன்டைனும் விடுவோர். நாய் நக்கினால் பின்னிரண்டும் விஷம். "நாய் நாக்குலயே மருந்து இருக்குதுங்க" என்று கைகட்டி நிற்கும் சித்தூர்ப் பள்ளியும் உண்டு. நக்க நக்கப் புண் அகலுமே தவிர ஆறாது. சர்க்கரையும் தேனும் வைத்துக் கட்டுவது மெய்யான வைத்தியமே; அதற்காக, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தைப் பிசைந்து பூசினால் எறும்புதான் வரும்.

சிகிச்சை தரையில் தொடங்கும். நடக்கமுடியாத நாய்க்கு எலும்பு தரையில் முட்டாத கனத்தில் ஸ்பாஞ்சு மெத்தை, மேலே நனையாத உறை. இரண்டு மூன்று மணிக்கொருமுறை புரட்டிப் போடவேண்டும், இரவிலும். உப்புநீர்க் கரைசலால் கழுவி, ஈரம் ஒற்றியெடுத்து, முழங்கைப் புண்ணைச் சுற்றிச் சும்மாடு போல் துணி வளையம் வைத்துக் கட்டலாம். இறுக்கினால் வளையமே புதுப் புண் உண்டாக்கும். முட்டை, கறி தாராளமாகப் போகட்டும். புரதம் இல்லாமல் சதை வளராது. மாதக்கணக்கில் ஆகும். படுக்கை மாறாமல் ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டால் ஆறாது.

நாற்றமோ புழுவோ எலும்போ கண்டால் அன்றே வண்டி பிடியுங்கள். பாலக்காட்டுப் பக்கத்தார்க்கு 1955இல் தொடங்கிய மண்ணுத்திக் கால்நடைக் கல்லூரி இருக்கிறது. மறையூர்க்காரர் உடுமலைக்கு இறங்கலாம். ஜீப்பின் தகரத்தில் நாயை வெறுமனே கிடத்தாதீர்கள்.