மெதுவாகப் போகத் தெரியாதவன்

நான் மெதுவான ஸ்கீக்காரன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாகப் பனியில் கால் வைத்தவன் வேகமாகப் போனால்தான் அதிசயம். வெட்கம் வேறு இடத்தில் இருக்கிறது. 'இன்றைக்கு மெதுவாகப் போ' என்று பயிற்சி அட்டவணை சொல்லும் நாளில் என்னால் மெதுவாகப் போக முடிவதில்லை.

இந்த வயதில் எதற்காகக் கிடந்து மாய்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நோர்வேயில் மார்ச் மாதத்தில் பிர்க்கெபெய்னர் ஓட்டம் நடக்கும். ரேனாவில் தொடங்கி மலை தாண்டி லில்லெஹாமரில் முடிகிற 54 கிலோமீற்றர். முதுகில் மூன்றரைக் கிலோ பாரம் கட்டாயம். 1206 இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், இரண்டு வீரர்கள் ஹோகோன் என்ற குழந்தை இளவரசனைத் தூக்கிக்கொண்டு இந்த மலையைக் கடந்து தப்பினார்கள்; பாரம் அந்தக் குழந்தையின் கணக்கு. அவர்கள் போனது லில்லெஹாமர் பக்கமிருந்து. 1932 முதல் நடக்கிற ஓட்டமோ எதிர்ப்பக்கமாகப் போகிறது. பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறோம் போலும்.

வயதுப் பிரிவில் முதலில் வருகிற ஐந்து பேரின் சராசரி நேரத்தோடு நாலில் ஒரு பங்கைக் கூட்டி, அந்த நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு சின்னம் தருவார்கள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் தன்னுடையதைக் கோப்பி மெஷினுக்கு மேலே மாட்டிவைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் கோப்பி எடுக்கப் போகும்போது அது என்னைப் பார்க்கிறது. நான் இந்த விளையாட்டில் இறங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான். உயர்ந்த இலட்சியம் ஏதும் இல்லை.

பருவம் பனியோடு தொடங்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, இங்கே ஸ்கீக்காரர்களுக்கு மே மாதத்தில் வருடம் பிறக்கிறது. கோடையும் இலையுதிர் காலமும் தார் வீதியில் சில்லு ஸ்கீ. நீளமான ஒரு சட்டம், முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு ஒரு சில்லு, பிறேக் கிடையாது. ஏற்றத்தில் நான் வீரன். இறக்கத்தில் புல்தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தேடுகிறவன். ஒக்டோபரில் ஒரு மாலை, ஈர இலை மேல் சில்லு வழுக்கி, பஸ் தரிப்பிடத்துக்கு நேர் எதிரே விழுந்தேன். அங்கே நின்ற ஆட்களில் எங்களுடைய ஆள் ஒருவர், வயது போனவர், கிட்ட வந்து தூக்கிவிட்டார். என் கோல்களையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன தம்பி, காலிலை சில்லுப் பூட்டியிருக்கிறீர்? காரை வித்துப் போட்டீரோ?" பயிற்சி என்று சொன்னேன். "இதுக்கு ஆர் காசு தாறது?" என்று கேட்டார். நான்தான் கட்டுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

இனி அந்த மெதுவான ஓட்டத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் பயிற்சி முறையில் இதயத் துடிப்பை ஐந்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்றாம் மண்டலத்தில் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு போகலாம். ஐந்தில் பேச்சே வராது. பெரும்பாலான நேரம் ஒன்றில் இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். ஒலிம்பிக்கில் எட்டுத் தங்கத்தோடு பதினைந்து பதக்கம் எடுத்த மாரித் பியோர்கன், உச்சத்தில் இருந்த வருடங்களில் 900 மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி செய்தவர். அதில் பெரும்பங்கு இலேசான வேகம். உடம்பைக் களைக்கவிடாமல் மணித்தியாலக் கணக்கில் உழைத்தால்தான், கடுமையான நாளில் உண்மையாகவே கடுமையாக ஓடப் பலம் இருக்கும். கேட்கும்போது எனக்கு எவ்வளவு வசதியான தத்துவமாக இருந்தது தெரியுமா? மெதுவாகப் போவதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள், இதிலாவது நான் கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

நாங்கள் இருப்பது ஒஸ்லோவின் குரூருட்டாலன் பகுதி. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ஏறினால் லில்லோமார்க்கா காடு. இரவில் மெஷின் விட்டு, பனியில் இரண்டு வாய்க்காலாகத் தடம் போட்டு வைத்திருப்பார்கள். ஞாயிறு காலை தடத்தில் இறங்கி, மணிக்கூட்டில் துடிப்பைப் பார்த்துப் பார்த்து, ஒன்றாம் மண்டலத்தில் பக்குவமாகப் போய்க்கொண்டிருப்பேன். பின்னாலிருந்து கோல் குத்துகிற சத்தம் கேட்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, கையால் பின்னின கம்பளித் தொப்பி, இடுப்பில் கட்டின கயிற்றில் ஒரு நாய். பக்கத்துத் தடத்துக்கு மாறி என்னைக் கடக்கும்போது, "ஹையா!" என்று ஊக்கம் வேறு தருவார்.

அந்த 'ஹையா'வில்தான் என் பருவம் நாசமாகிறது. அவர் நல்ல மனதோடு சொன்னது. நான் என்ன செய்ய வேண்டும்? சிரித்து, கையை ஆட்டி, என் வேகத்தில் போக வேண்டும். நான் செய்வது, அவர் வளைவில் மறையும் வரை பொறுத்து, பிறகு பாய்வது. பிடித்துவிட்டால், களைக்காத முகத்தோடு கடக்க வேண்டும் என்பதால், அந்தக் கொஞ்ச நேரம் மூச்சையும் அடக்கிக்கொள்கிறேன். மணிக்கூடு கத்தும். நாய் ஒன்றுதான் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

வேலையிடத்து ஸ்கீக் குழுவுக்கு ஒரு பயிற்சியாளர் இருக்கிறார், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண். எங்கள் பயிற்சிக் குறிப்பை வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பார். நான் 'இலேசான ஓட்டம், இரண்டு மணித்தியாலம்' என்று எழுதி வைத்திருந்தேன். துடிப்பு வரைபடமும் தானாகவே போய்ச் சேரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. "இந்த இடத்தில் ஓநாய் ஏதும் துரத்தியதா?" என்று கேட்டார். ஏற்றம் என்றேன். வரைபடத்தில் உயரமும் இருந்தது. அது சமதரை.

ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனால் செவ்வாய்க்கிழமை என்ன ஆகும்? நாலு நிமிடம் முழுமூச்சில் மலையேறி, மூன்று நிமிடம் இளைப்பாறி, அதை நாலு தரம் செய்கிற நாள் அது. முதல் தரத்திலேயே கால் ஈயமாகிவிடும். ஆக, மெதுவான நாள் வேகமாகவும் வேகமான நாள் மெதுவாகவும் போய், பருவம் முழுக்க எல்லா நாளும் ஒரே நடுத்தர வேகத்தில் ஓடினவன் நான். ஒருமுறை கிளேபோ மாதிரி ஏற்றத்தில் குதித்து ஓடியும் பார்த்தேன். 2025 இல் துரொண்ட்ஹைம் உலகப் போட்டியில் ஆறு தங்கம் அள்ளியவர் அவர். நான் அடுத்த விளக்குக் கம்பம் வரை போனேன். பிறகு அந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெழுகு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் மனச்சாட்சி குத்தும். ஸ்கீயின் நடுப்பகுதி, பாதத்துக்குக் கீழே, கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த இடத்தில்தான் பிடிமெழுகு பூசுவது. இரண்டு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து நின்றால் அது பனியைத் தொடாது, சறுக்கலாம். முழுப் பாரத்தையும் ஒரு காலில் போட்டு அமுக்கினால் மெழுகு பனியைப் பிடிக்கும், உதைத்து முன்னேறலாம். குளிருக்கு நீலம், பூச்சியத்தை அண்டினால் ஊதா, ஈரத்துக்குச் சிவப்பு. உருகி உறைந்த பழைய பனிக்குக் கிளிஸ்டர், குழாயில் வருகிற பசை. பலாப்பழப் பால் மாதிரி: கையில் பட்டால் கதவுப்பிடி, கைபேசி, தலைமயிர் எல்லாம் போய்ச் சேரும். தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் கழற்றினேன்.

என் ஸ்கீ ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கியது. மெழுகு காணாது என்று முடிவெடுத்தேன். நிலக்கீழ் அறையில் இருந்து இன்னொரு பூச்சுப் பூசி, தக்கையால் தேய்த்தேன். பிறகும் வழுக்கியது. இன்னும் மென்மையான மெழுகு, இன்னும் நீளமாக. பூச்சியப் பாகையில் புதுப்பனி விழுந்த அன்று அந்தப் பூச்செல்லாம் சேர்ந்து பழிவாங்கியது. காலடியில் பனி திரண்டு, கட்டியாகி, இறக்கத்திலும் நடக்க வேண்டியதாயிற்று. தடத்தை மறித்துக்கொண்டு குந்தியிருந்து சுரண்டினேன். "லொய்ப்பே!" என்று கத்திக்கொண்டு ஒரு பாலர் பாடசாலைப் பட்டாளம் வந்தது. வழி விடச் சொல்கிறார்கள். விட்டேன்.

மகள் இங்கேயே பிறந்தவள், நடக்கப் பழகின கையோடு ஸ்கீ பழகினவள். ஒருநாள் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, மெழுகிலை ஒண்டும் பிழையில்லை. நீங்கள் ரெண்டு காலிலையும் நிக்கிறியள்" என்றாள். மெழுகுக்குச் செலவழித்த காசை அவளுக்குச் சொல்லவில்லை.

கடைசியாகப் பாரம். முடிவிடத்தில் பையை நிறுப்பார்கள்; சாப்பாடு, தண்ணீர் நீங்கலாக மூன்றரைக் கிலோ இருக்க வேண்டும். ஆகவே தை மாதத்திலிருந்தே பாரத்தோடு பழகுவது என்று, பிளாஸ்ரிக் பையில் மூன்றரைக் கிலோ புழுங்கல் அரிசி கட்டி முதுகுப்பையில் வைத்தேன். முதல் வாரம் தோள் விட்டுப்போனது. போகப் போகச் சுகமாகிக்கொண்டே வந்தது. மாசி நடுவில் பை இருப்பதே தெரியவில்லை. இதைக் குழுவில் எல்லாருக்கும் சொன்னேன். உடம்பு எப்படிப் பழகிக்கொள்கிறது என்று பயிற்சியாளருக்கு விளக்கம்கூடக் கொடுத்தேன்.

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, கொழும்புக்குப் போகையில் சூட்கேஸ் நிறுக்கிற தராசில் பையைக் கொழுவினேன். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு.

"அண்டைக்கு அரிசி முடிஞ்சு போச்சு, வெளியிலை சரியான பனி. அதுதான் உங்கடை பையிலை ரெண்டு சுண்டு எடுத்தனான்" என்றாள் மனைவி.

"ஒருக்காத்தானோ?"

"இடைக்கிடை."

அன்று பின்னேரமே கீழே இறங்கி, நடைபாதையில் வழுக்காமல் தூவுவதற்கு வைத்திருக்கிற பெட்டியிலிருந்து சரளைக் கல் அள்ளி, சரியாக மூன்றரைக் கிலோ நிறுத்துக் கட்டினேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள். "இவ்வளவு தூரம் இறங்கிப் போனனீங்கள், அப்பிடியே கடைக்கும் போய் ஒரு பை அரிசி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே" என்றாள்.