பூந்தொட்டிக்கு அடியில் சாவி

கம்ப்யூட்டர் சரித்திரத்தில் பதிவான முதல் பாஸ்வேர்டு திருட்டு, பி.எச்டி. தீசிஸ் முடிக்கிற அவசரத்தில் நடந்தது. சிரிக்காதீர்கள். தீசிஸ் எழுதியவர்களைக் கேளுங்கள், கொலைகூட நியாயம் என்பார்கள்.

1960-களின் ஆரம்பம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்கிற விஞ்ஞானி, ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் உபயோகிக்க ஓர் ஏற்பாடு செய்தார். சி.டி.எஸ்.எஸ். என்று பெயர். ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த ஐ.பி.எம். மெஷின், ஒவ்வொருவரிடமும் "நான் உனக்கே உனக்குத்தான்" என்று பாவனை செய்யும். பத்துப் பேருக்கு ஒரு டி.வி. இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சாதனை என்று புரியும்.

கூட்டுக் குடும்பம் என்றால் பீரோவுக்குப் பூட்டு வேண்டுமே! ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார் கோர்பட்டோ. கூடவே ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று ரேஷன். எல்லாம் கச்சிதம். எல்லாருடைய பாஸ்வேர்டும் ஒரே ஃபைலில், ஒளிவுமறைவில்லாமல், உள்ளது உள்ளபடி இருந்தது என்பதைத் தவிர.

ஆலன் ஷெர் என்கிற மாணவருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆராய்ச்சிக்கு அது எந்த மூலைக்கு? 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பஞ்ச் கார்டில் ஒரு விண்ணப்பம் போட்டார்: இன்ன ஃபைலை அச்சடித்துத் தரவும். கம்ப்யூட்டர் உத்தமமான தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. கேட்பவர் யார், எதற்கு என்று பார்க்கவில்லை. ஃபாரம் சரியாகப் பூர்த்தியாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. சனிக்கிழமை விடிகாலையில் ஷெர் போய், அச்சடித்த தாள்களை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பதிவான முதல் பாஸ்வேர்டு திருட்டுக்குத் தேவைப்பட்ட ஒரே திறமை, சனிக்கிழமை சீக்கிரம் எழுந்திருப்பது.

தனியாகத் திருடினால் மாட்டிக்கொள்வோம் என்று நாலு பேருக்கும் பங்கு கொடுத்தார். அதில் ஒருவர் ஜே.சி.ஆர். லிக்லைடர். ஆமாம், இன்டர்நெட்டுக்கு வித்திட்ட மகான்களில் ஒருவராகப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான். ஷெர் சொன்ன கதைப்படி, பாஸ்வேர்டு கைக்கு வந்ததும் லிக்லைடர் செய்த முதல் காரியம், லேப் டைரக்டர் ராபர்ட் ஃபேனோவின் கணக்கில் புகுந்து அவரைக் கிண்டலடித்துச் செய்தி விட்டுவிட்டு வந்தது. தொலைநோக்குப் பார்வை உள்ளவருக்கும் கிட்டத்தில் ஹெட்மாஸ்டர் நாற்காலி தெரிந்தால் கை துறுதுறுக்கிறது.

ஷெர் இருபத்தைந்து வருஷம் வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு விழாவில் ஒப்புக்கொண்டபோது, "உன் பட்டத்தைப் பிடுங்க மாட்டோம்" என்று அபயம் கிடைத்தது.

சரி, திருடன் வந்தால்தான் ஆபத்தா? 1966-ல் அதே சி.டி.எஸ்.எஸ்., திருடனே இல்லாமல் தன் வீட்டைத் தானே திறந்து காட்டியது. இரண்டு அட்மின்கள் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்துகிறார். இன்னொருவர் பாஸ்வேர்டு ஃபைலைத் திருத்துகிறார். எடிட்டர் இரண்டுக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் வைத்தது. பிரசவ ஆஸ்பத்திரி சினிமா மாதிரி, குழந்தை மாறிவிட்டது! அதற்குப் பிறகு உள்ளே வந்த அத்தனை பேருக்கும் 'நல்வரவு' என்பதற்குப் பதிலாக ஊரார் பாஸ்வேர்டெல்லாம் வரிசையாக அச்சாகி வந்தது.

பார்த்துப் பதறிய ஒரு பயனாளர் என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே ஒரு கட்டளை கொடுத்து மொத்த சிஸ்டத்தையும் கவிழ்த்தார். அன்றைக்குப் பாதுகாப்பைக் காப்பாற்றியவர் மெஷினை உடைத்தவர்தான். இது நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு. சர்வர் அட்மின்களுக்கு இந்தத் தகவலில் ஆச்சரியம் இருக்காது. சர்வர்கள் நாள் பார்த்துத்தான் படுக்கின்றன.

இதே எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று ஒரு மனிதர். பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தையே ஆரம்பித்தவர். பூட்டு என்றாலே அவருக்கு அலர்ஜி. 1977-ல் அங்கே ஒரு லேபில் பாஸ்வேர்டு கொண்டுவந்தார்கள். அவர் அத்தனையையும் உடைத்து, ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பினார். சாராம்சம் இதுதான்: 'உங்கள் பாஸ்வேர்டு இன்னது என்று கண்டுபிடித்துவிட்டேன். எதற்குக் கஷ்டம்? என்னை மாதிரி வெறும் என்டர் தட்டிவிட்டுப் போங்களேன்.' கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர், "அதானே!" என்று கேட்டுக்கொண்டார்களாம்.

மறு வருஷமே அவருக்கு இன்னொரு சோதனை. 1978 மே மாதம், டி.இ.சி. கம்பெனியின் மார்க்கெட்டிங் ஆசாமி கேரி துர்க், புது கம்ப்யூட்டரைக் கலிஃபோர்னியாவில் வந்து பார்க்கும்படி, அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். அர்பாநெட் என்றால் அமெரிக்க ராணுவத்தின் பணத்தில் ஓடிய நெட்வொர்க். அதில் சேல்ஸ் பிட் நோட்டீஸ்! விலாசங்களை உட்கார்ந்து கையால் தட்டியிருக்கிறார்கள். விலாசம் எழுதும் இடம் நிரம்பி வழிந்து, மிச்சப் பெயர்கள் கடிதத்துக்குள்ளேயே கொட்டிவிட்டன. மொய் நோட்டைக் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து பைண்டு செய்த மாதிரி.

ராணுவ அதிகாரிகள் கொதித்தார்கள். ஸ்டால்மன் மட்டும், இதில் என்ன தப்பு, எனக்கு இதைவிட போரடிக்கும் மெயிலெல்லாம் தினமும் வருகிறதே என்று பரிந்து பேசினார். பிறகுதான் அந்த மெயில் அவர் கண்ணில் பட்டது. விலாசப் பட்டியலின் நீளத்தைப் பார்த்ததும், இவ்வளவு நீளமான தலைப்போடு மெயில் அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை என்று கட்சி மாறிவிட்டார். கருத்துச் சுதந்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்க்ரோல் பண்ணும் கை வலிக்கிறதா இல்லையா?

துர்க் வருத்தப்பட்டாரா? அந்த ஒரு மெயிலால் 1 கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்ததாகப் பிற்காலத்தில் பெருமையாகச் சொன்னார். ஸ்பாமின் பிரச்சினையே அதுதான்: பலிக்கிறது.

மறுபடி பூட்டுக்கு வருவோம். பெல் லேப்ஸில் யூனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பிரம்மாக்கள் இன்னொரு வழி கண்டார்கள். பாஸ்வேர்டை அப்படியே வைத்தால்தானே திருட்டு? அரைத்து வைத்துவிட்டால்? இட்லி மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதில்லையா, அந்தத் தத்துவம். நீங்கள் உள்ளே வரும்போது தருகிற அரிசியையும் அதேபோல அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஆனால் திருடனும் ஊரில் உள்ள அரிசியையெல்லாம் முன்கூட்டியே அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாமே? அதற்காக ஒவ்வொருவர் மாவிலும் வெவ்வேறு உப்பு போட்டார்கள். நான் விளையாடவில்லை, அதன் டெக்னிகல் பெயரே உப்புதான், சால்ட்.

ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் இதை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். எழுதுமுன் 3,289 நிஜ பாஸ்வேர்டுகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தைப் பாஸ்வேர்டாக வைத்திருந்தார்கள். 72 பேர் பலத்த பாதுகாப்பு தேவைப்பட்டு இரண்டு எழுத்து. மொத்தத்தில் 86 சதவீதம் சுலபமாகச் சிக்கக்கூடியவை. ஜனங்களின் அசட்டுத்தனத்தைச் சுட்டிக்காட்டிய மேதைகள் தாங்கள் என்ன பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

கேட்டார்கள், நாற்பது வருஷம் கழித்து. பழைய யூனிக்ஸ் ஃபைல்களோடு அந்தக் கால பாஸ்வேர்டு ஃபைலும் அரைத்த மாவாக வெளியே கிடந்தது. 2019-ல் ஆர்வலர்கள் உட்கார்ந்து அதை உடைத்துத் தீர்த்தார்கள். யூனிக்ஸ் ஷெல்லை எழுதிய ஸ்டீபன் பார்னின் பாஸ்வேர்டு: பார்ன். டென்னிஸ் மெக்அலிஸ்டர் ரிச்சி, சி மொழியின் தந்தை: டிமேக். பின்னாளில் கூகுளுக்கே தலைவரான எரிக் ஷ்மிட்: மனைவி பெயர், பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. பிரையன் கெர்னிகன் கீபோர்டின் வலது மூலையில் ஸ்லாஷ், புள்ளி, கமா, திரும்ப ஸ்லாஷ், புள்ளி, கமா, போனஸாக இன்னொரு கமா. வீட்டுப் பூட்டை மும்மடங்கு இரும்பில் வார்த்துவிட்டு, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்த கதை.

கென் தாம்ப்சன் மட்டும் தண்ணி காட்டினார். கிராஃபிக்ஸ் கார்டு நாலு நாளுக்கு மேல் மூச்சு வாங்கிய பிறகுதான் அவருடையது சிக்கியது. பார்த்தால் செஸ்! ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு என்கிற ஆரம்ப நகர்த்தல். செய்தி கேட்டுக் கென் அனுப்பிய பதில், வாழ்த்துகள் என்று ஒரே ஒரு வார்த்தை. கிட்டத்தட்ட அவர் பாஸ்வேர்டின் நீளம்தான்.

அந்தக் கட்டுரையின் இன்னொரு ஆசிரியர் மோரிஸுக்கு ஒரு பிள்ளை இருந்தான். 'வாத்தியார் பிள்ளை மக்கு, போலீஸ்காரன் பிள்ளை திருடன்' என்று நம்மூரில் சொல்வார்களே, பொறுங்கள், வருகிறேன்.

1988 நவம்பர் 2. கார்னெலில் படித்துக்கொண்டிருந்த ராபர்ட் டப்பன் மோரிஸ், நெட்வொர்க்கில் ஒரு புழுவை, அதாவது தானாகவே பரவும் புரோகிராமை, விட்டார். கார்னெல் பெயர் கெடக்கூடாது என்று எம்.ஐ.டி. மெஷினிலிருந்து விட்டார், பிள்ளைக்கு அவ்வளவு பொறுப்பு. சென்ட்மெயில் என்கிற தபால் புரோகிராமில் டெஸ்டிங்குக்காகத் திறந்து, மூட மறந்த கதவு வழியாகப் புழு நுழைந்தது. மற்ற இடங்களில் பாஸ்வேர்டை ஊகித்தது: முதலில் பயனாளரின் பெயர், பிறகு அதே பெயர் தலைகீழாக, அதுவும் இல்லையென்றால் கையோடு கொண்டுபோன 432 வார்த்தைகள். அப்பா எழுதிய கட்டுரையைப் பிள்ளை படிப்பது எவ்வளவு அபூர்வம்!

ஏற்கெனவே புழு இருக்கும் மெஷினில் இரண்டாவது புழு போகாது. ஆனால் கில்லாடி அட்மின் யாராவது 'இங்கே ஏற்கெனவே இருக்கு' என்று பொய் சொல்லிவிட்டால்? அதனால் ஏழு தடவைக்கு ஒரு தடவை, என்ன பதில் வந்தாலும் கேட்காமல் குடியேறிவிடு என்று எழுதினார். அந்த அதிபுத்திசாலித்தனம்தான் கவிழ்த்தது. ஒவ்வொரு மெஷினிலும் புழு மேல் புழு ஏறி, சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறியதாகக் கணக்கிட்டார்கள். கலங்கிப்போன பையன், நண்பர் மூலமாக மன்னிப்பும் மருந்தும் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பவைத்தார். அது உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. ரோட்டில் டிராஃபிக் ஜாம். ஜாமுக்குக் காரணம் அவரே.

அப்பா அப்போது எங்கே வேலை? அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ.வின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையத்தில், தலைமை விஞ்ஞானி. பிள்ளைக்கு 3 வருஷக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பழமொழி பாதிதான் பலித்தது. போலீஸ்காரர் பிள்ளை பிற்பாடு வாத்தியார் ஆகிவிட்டார். எங்கே? எம்.ஐ.டி.யில்!

இடையில் அவர் பால் கிரஹாம் என்கிற நண்பரோடு கம்பெனி தொடங்கி, யாஹூவிடம் விற்றுக் காசு பார்த்தார். அந்த கிரஹாமுக்கு வந்த கோபம்தான் இன்றைய ஸ்பாம் ஃபில்டர்களுக்குப் பெரிய உந்துதல். ஆறு மாதம் உட்கார்ந்து, 'இந்த வார்த்தை வந்தால் ஸ்பாம், அந்த வார்த்தை வந்தால் ஸ்பாம்' என்று கையால் விதி எழுதிப் பார்த்தார். (1996-ல் ஏ.ஓ.எல். இப்படித்தான் விதி எழுதி, ஸ்கன்தார்ப் என்கிற இங்கிலாந்து ஊர்க்காரர்களைச் சேரவிடாமல் தடுத்தது. ஊர்ப் பெயருக்குள் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. பாவம், ஊர் என்ன செய்யும்?)

2002-ல் கிரஹாம் விதிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, 1761-லேயே செத்துப்போன தாமஸ் பேய்ஸ் என்கிற பாதிரியாரிடம் சரணடைந்தார். நல்ல மெயில் ஒரு குவியல், ஸ்பாம் ஒரு குவியல். எந்த வார்த்தை எந்தக் குவியலில் எவ்வளவு வருகிறது என்று மெஷினே எண்ணட்டும். புது மெயில் வந்தால், அதில் மிகவும் காட்டிக்கொடுக்கிற 15 வார்த்தைகளை எடுத்து நிகழ்தகவைக் கணக்குப் போடட்டும். மெஷின் கண்டுபிடித்த பெரிய குற்றவாளிகளில் ஒன்று, எழுத்தைப் பளீர் சிவப்பில் காட்டச் சொல்லும் கலர் கோடு. ஆபாச வார்த்தைகளுக்குச் சமமாகக் காட்டிக்கொடுத்ததாம். உட்கார்ந்து விதி எழுதிய மனுஷனுக்கு அது தோன்றவே இல்லை.

ஸ்பாமர்கள் சும்மா இருப்பார்களா? ஃபில்டரைக் குழப்ப, மாத்திரை விளம்பரத்துக்குக் கீழே பழைய நாவல்களிலிருந்து பத்தி பத்தியாக ஒட்டி அனுப்பினார்கள். அந்த வருஷங்களில் செவ்விலக்கியத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்கள்தான்.

2004 ஜனவரியில் டாவோஸில் பில் கேட்ஸ் அறிவித்தார்: இரண்டு வருஷத்தில் ஸ்பாம் ஒழிந்துவிடும். ஒரு மாதம் கழித்து இன்னொரு மேடையில், பாஸ்வேர்டும் மங்கி மறையும் என்றார். இரண்டு ஆரூடமும் ஒரே வருஷத்தில். நீங்களே உங்கள் இன்பாக்ஸைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம், பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தால்.

கேட்ஸாவது ஜோசியம்தான் சொன்னார். நம்மை வதைத்த விதியை எழுதியவர் பில் பர், அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்.ஐ.எஸ்.டி.யின் அதிகாரி. பெரிய எழுத்து, எண், விசேஷக் குறி, 90 நாளுக்கு ஒரு மாற்றம் எல்லாம் 2003-ல் அவர் கைங்கரியம். ஆதாரம் தேடி, ஆபீஸ் அட்மின்களிடம் ஊழியர்களின் நிஜ பாஸ்வேர்டுகளைக் கேட்டிருக்கிறார். அட்மின்கள் அரண்டுபோய் மறுத்துவிட்டார்கள். பாஸ்வேர்டு பாதுகாப்பு விதி உருவான கதையில், பாஸ்வேர்டைப் பாதுகாத்த ஒரே இடம் அது. வேறு வழியில்லாமல் 1980-களின் பழைய கட்டுரை ஒன்றை நம்பி எழுதினார். ஜனங்கள் பெயருக்குப் பின்னால் 1 போட்டு ஓர் ஆச்சரியக்குறி வைத்தார்கள். 90-ஆம் நாள் 1-ஐ அழித்து 2 போட்டார்கள். 2017-ல் என்.ஐ.எஸ்.டி. விதிகளை மாற்றியது. ஓய்வுபெற்றிருந்த பர், தான் செய்ததில் பலவற்றுக்கு இப்போது வருந்துவதாகச் சொன்னார். உங்கள் ஆபீஸுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை என்றால், ஸ்பாம் ஃபோல்டரில் பாருங்கள்.

ஆரம்பித்து வைத்த கோர்பட்டோ? 2014-ல், 87 வயதில் ஒரு பேட்டி கொடுத்தார். பாஸ்வேர்டு என்பது ஒரு மாதிரி கெட்ட கனவாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷத்தில் 150 பாஸ்வேர்டாவது வைத்திருப்பாராம். யாருக்கு ஞாபகம் இருக்கும்? எல்லாவற்றையும் வரிசையாக டைப் அடித்து, மூன்று பக்கத் தாளாக வீட்டில் வைத்திருந்தார்.

1962-ல் ஷெர் சனிக்கிழமை விடிகாலையில் எழுந்துபோய் எடுத்துவந்ததும் அப்படி ஒரு தாள்கட்டுதான்.