ஈப்போவில் வெயில், காயல்பட்டினத்தில் வெள்ளம்

கேள்வி: எல் நினோ வந்தால் ஈப்போவில் வெயில் கொளுத்துகிறது. அதே எல் நினோ ஆண்டில் தாத்தா ஊரான தூத்துக்குடி மூழ்கியது எப்படி ஐயா?
– முன்னாள் ரப்பர் தோட்ட வாசகர், சுங்கை சிப்பூட்

பதில்: மழைக்குப் பாஸ்போர்ட் வேண்டாம், கடல்சூடும் காற்றும் போதும். எல் நினோவில் பசிபிக்கின் சூடான நீர் கிழக்கே நகரும், மேகமும் கூடவே குடிபெயரும். நம் தலைக்கு மேல் காற்று கீழிறங்கி மேகத்தைத் திரளவிடாது. 2023-இல் இந்தியப் பெருங்கடலும் சேர்ந்துகொண்டது: சுமத்ரா பக்கம் குளிர்ந்தது, ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறியது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் வலுக்கும்.

ஆனால் எந்த ஊர், எந்த நாள் என்பதை எல் நினோ முடிவுசெய்யாது. அதைச் செய்தது குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சி. டிசம்பர் 17-18-இல் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! உப்பளம் காயும் அந்த மாவட்டத்துக்கு ஓராண்டு மழையைவிட அதிகம். தாமிரபரணி கரைமீறியது, ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு சிக்கிக்கொண்டது. பாவம், எத்தனை குடும்பங்கள் வீடிழந்தன!

ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் கவனிக்கவேண்டியது இன்னொன்று: 30 முதல் 60 நாளில் பூமத்தியரேகையைச் சுற்றிவரும் மேடன்-ஜூலியன் அலைவு. அதன் மழைப்பகுதி நம் பக்கம் வரும் வாரங்களில், மங்கில் சேர்ந்த பால் மழையோடு போக வாய்ப்பு அதிகம்.