வாரும் மருமகனே, தாடையைக் காட்டும்

வாரும் மருமகனே, இப்பிடி வெளிச்சத்துக்கு வந்து உக்காரும். தாடையில என்னது, தினத்தந்தியா தினமலரா? மூணு துண்டு ஒட்டியிருக்கே! வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்கப் போறவரு மூஞ்சியில சேதி போட்டுட்டு அலையுதீரு. பொண்ணைப் பெத்தவன் பாத்தா, மாப்பிள்ளை மேல வெட்டுக்குத்துக் கேசு எதுவும் கிடக்கான்னுல்லா ஸ்டேஷன்ல விசாரிப்பான்.

இப்ப என்ன, கிரீம் சரியில்லைன்னு இன்னொண்ணு வாங்கப் போறீரு, அதானே? வாங்கும். சம்பாதிக்கிற புள்ள, யாரு கேப்பா? கருப்பு டப்பாவுல ஒருத்தன் சட்டை இல்லாம நிக்கிற படம் போட்டதா எடுத்துட்டு வருவீரு. அவன் தாடையை நல்லா உத்துப் பாத்தீரா? ஏற்கெனவே மழமழன்னு இருக்கிறவனை நிப்பாட்டித்தான் படம் புடிக்கான். சவரத்துக்கு ஏங்குற மூஞ்சி நம்ம மூஞ்சிதான். அதை அட்டையில போட்டா எவன் வாங்குவான்?

டப்பாவைத் திருப்பும். பின்னால பொடி எழுத்துல சரக்குப் பேரெல்லாம் இருக்கும். கூடுதலா உள்ளது முன்னால, கொஞ்சமா உள்ளது பின்னால. தண்ணிக்கு அடுத்தாப்ல ஸ்டியரிக் அமிலம் வரும். அது கொழுப்புல இருந்து எடுக்கிறது. அதோட பொட்டாஷ் காரத்தைச் சேத்தா இளகின சோப்பு. நீரு காசைக் கொட்டி வாங்குறது அம்புட்டுத்தான் வேய். தேங்கா எண்ணெய்க் கொழுப்பு சேந்திருந்தா நுரை சட்டுனு பொங்கும். ஸ்டியரிக் அதை அமுங்காம நிக்க வைக்கும். அப்புறம் கிளிசரின். ஈரத்தைக் காயவிடாம புடிச்சு வைக்கிற புண்ணியவான் அவன்தான். அவன் பேரு மொத நாலஞ்சுக்குள்ள வந்துட்டா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கும். கத்தாழை படம் பெரிசாப் போட்டிருந்தா மயங்கிராதேயும், உள்ள அது பேரு கடைசி வரிசையில ஒதுங்கி நின்னாலும் நிக்கும். வாசனை தூக்கலா உள்ளதும் மெந்தால் உள்ளதும் உம்ம தோலுக்கு வேண்டாம். மெந்தால் குளிர வைக்கிறதே இல்ல, குளிருதுன்னு நரம்பை நம்ப வைக்குது. அப்பிடி நம்ப வச்சவனுக்கெல்லாம் நாம ஓட்டே போட்டிருக்கோம், அது வேற கதை.

எதுக்கு இம்புட்டுங்கீரா? காஞ்ச முடி விறைச்சு நிக்கும். தண்ணியில ஊறினா இளகிரும். இளகினதைப் பிளேடு ஒரே இழுப்புல அறுத்துட்டுப் போகும். விறைச்சதை அறுக்க முடியாம இழுக்கும், கூடவே தோலும் எழும்பும், அந்த மேட்டைத்தான் சீவிட்டு ரத்தம் ரத்தம்னு கத்துதீரு. கிரீமுக்கு உள்ளது ரெண்டே வேலை. ஈரத்தை முடி மேல நிப்பாட்டணும், பிளேடை வழுக்கி விடணும். நீரு என்ன பண்ணுதீரு? காஞ்ச மூஞ்சியில அப்பிட்டு அடுத்த நிமிசமே இழுக்க ஆரம்பிச்சிருதீரு. மழை விழாத கரிசல்ல எவனாவது ஏர் பூட்டுவானா? வெந்நீர்ல கழுவி, நுரையைத் தேச்சு, ரெண்டு மூணு நிமிசம் சும்மா உக்காரும். சும்மா உக்காரதுக்கு உமக்கு ஒருத்தர் சொல்லியா தரணும்?

டின்னை அமுக்குனா புஸ்ஸுன்னு வருமே, அதுல முக்காவாசி காத்து. வச்சதும் வழிக்காம விரலால தேய்க்கணும். வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

நுரையே வரலைன்னு பழைய கிரீமை அந்த ஏச்சு ஏசுனீரே, உம்ம வீட்டுக் குழாய்ல வர்றது என்ன தண்ணி? போர்த் தண்ணி. வாளி ஓரத்தைப் பாரும், வெள்ளைப் பொருக்கு கட்டியிருக்கு. கால்சியமும் மெக்னீசியமும். சோப்பு அந்தத் தண்ணிக்குள்ள இறங்கினதும் கால்சியம் வந்து கெட்டியாப் புடிச்சுக்கும், ரெண்டும் சேந்து கரையாத அழுக்காத் திரிஞ்சிரும். பொறவு நுரைக்கு எங்க போக? ஆயிரம் ரூவாய்க்கு வாங்கினாலும் இதே பாடுதான். உப்புத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு உம்ம அத்தை தாமிரபரணித் தண்ணியைக் குடத்துல புடிச்சுத் தனியா மூடி வச்சிருக்கா. பருப்புக்கு உள்ள மரியாதை உம்ம தாடைக்கு வேண்டாமா? ஒரு செம்பு மோந்துக்கிடும். கேட்டுட்டு மோந்துக்கிடும்.

நல்ல தண்ணிக்கு வழியில்லையா, பிரஷ்ஷே போடாம தடவுற கிரீம் இருக்கு, அதைப் பாரும். நுரையை நம்பாத சாதி அது. அமெரிக்காவுல எம்.ஐ.டி.ன்னு ஒரு பெரிய படிப்புச்சாலை, அங்க வாத்தியாரா இருந்த ஃபிராங்க் ஷீல்ட்ஸ்ங்கிற மனுசன் 1919-லயே பார்பசால்னு ஒண்ணைக் கொண்டாந்துட்டாரு. அதே எம்.ஐ.டி.க்காரங்க 2020-ல இன்னொண்ணும் கண்டுபுடிச்சிருக்காங்க. முடியை விட பிளேடு இரும்பு அம்பது மடங்கு கெட்டி. ஆனாலும் முடி வளைஞ்சு சாஞ்சு நிக்கும்போது பிளேடு ஓரத்துல சில்லுப் பேத்துருதாம். நீரு எத்தனை மாசமா ஒரே பிளேடை வச்சு இழுக்குதீருன்னு நான் கேக்க மாட்டேன். தாடையே சொல்லுது. அமுக்காம புடியும், முடி வளந்த வாக்குலயே இறக்கும். எதிர் போடுற ஆசையைப் பொண்ணு பாத்துட்டு வந்து வச்சுக்கிடும்.

இம்புட்டுக்கும் மேல கீறிட்டா, சலூன்ல தேய்ப்பாங்களே படிகாரக் கல்லு, அது மாடக்குழியில கிடக்கு. சலூன் கல்லு பத்து மூஞ்சி பாத்த கல்லு, அது வேண்டாம், இதை எடும். பச்சைத் தண்ணியில நனைச்சு லேசா ஒத்தினா தோலைச் சுருக்கி ரத்தத்தை நிறுத்திரும். எரியும். பல்லைக் கடிச்சுக்கிடும், கத்தி வைக்காதேயும். நீரு கத்துனா உம்ம அத்தை அடுப்படியில இருந்து ஓடியாந்து, ‘எம் புள்ளைய என்ன பண்ணுனீரு’ன்னு என்னையத்தான் வைவா.