கொள்முதல் குழுவுக்கு வண்டன்மேட்டிலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: அரசு அலுவலகக் கணினிக் கொள்முதல் குழு (எந்த மாநிலம், எந்தத் துறையானாலும் சரி)

பொருள்: லினக்ஸுக்கு மாறினால் செலவு கூடும் என்ற கோப்புக் குறிப்பைப் பாராட்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

குறிப்பு அருமை. பயிற்சிச் செலவு, பழைய கோப்புகளை மாற்றும் செலவு, எழுத்தரின் முணுமுணுப்பு எல்லாம் லினக்ஸின் தலையில் ஏறியிருக்கின்றன. விண்டோஸிலேயே இருந்தால் ஆகும் செலவு என்ற பத்தியில் மட்டும் ஒரு கோடு. எக்ஸ்பியிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து பத்துக்கும் போனபோது அதே எழுத்தர் மெனுவைத் தேடிய மணிநேரங்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றது. தொடர வேண்டுமானால் நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதல் ஆண்டு 61 டாலர், பிறகு 122, பிறகு 244 என்பது மைக்ரோசாஃப்ட் அறிவித்த விலை. விண்டோஸ் 11க்குத் தாவலாம்தான். ஆனால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத கணினி, நேற்றுவரை ஒழுங்காக ஓடியிருந்தாலும், அதற்கு ஆகாது. அந்தக் கோட்டுக்கு இவ்வளவு விலை.

பொருள் வாங்குவது எப்படி என்று கேரளத்தின் எங்கள் வண்டன்மேட்டில் பார்க்கலாம். அதை அடுத்த புற்றடியில் ஏலக்காய் மின்-ஏலம் நடக்கிறது. வியாபாரி கணினி முன்னால்தான் உட்காருகிறார். ஆனாலும் சாம்பிள் காயைக் கையில் கொட்டி, நிறமும் பருமனும் பார்த்து, ஒன்றை உடைத்து மோந்த பிறகே விலை கேட்கிறார். மென்பொருளை உடைத்துப் பார்க்கவே கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மூட்டை மூட்டையாக வாங்கும் துணிச்சல் குழுவுக்கு மட்டுமே உண்டு.

இதே ஊர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தத் துணிச்சல் பழகவில்லை. கேரளம் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் போகப்போகக் கட்டற்ற மென்பொருளுக்கே மாறிவிட்டது. தமிழ்வழிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் தமிழில் வருகிறது. திட்டத்தின் வாரிசான கைட் நிறுவனம் 2019இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பை அறிவித்து, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றது. கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் வீதம் உரிமக் கட்டணம் என்பது கணக்கு. இதில் தாராளம் அதிகம். அத்தனை மென்பொருளையும் முழு விலைக்கு எந்தப் பள்ளி வாங்கியிருக்கப் போகிறது? பாதிக்குப் பாதி தள்ளினாலும் 1,500 கோடி நிற்கும். குழு அதையும் தள்ளிப் பார்க்கலாம்.

மாற்றம் சும்மா வராது என்பதும் உண்மை. கணக்கு மென்பொருளான டேலி விண்டோஸை நம்பி எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகினால் லினக்ஸ் சில சமயம் முறைக்கும். தமிழக அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் அடித்த பழைய ஆணைகளை யூனிகோடுக்கு மாற்ற ஆள் வேண்டும். ஆனால் இந்தக் கடைசிச் செலவு லினக்ஸ் வைத்த கடனா? யூனிகோடுக்கு மாறச் சொல்லித் தமிழக அரசு ஆணையிட்டது 2010இல்; அன்றே முடிந்திருக்க வேண்டிய வேலை.

குழுவுக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் மியூனிக். 2003இல் அந்த நகராட்சி லினக்ஸ் என்று முடிவெடுக்கப் போகிறது என்றதும், மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை விட்டு மேயரைப் பார்க்க ஓடினார். 2013க்குள் சுமார் 15,000 கணினிகள் மாறின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சியே 2012இல் சொன்னது. 2017இல் மன்றம் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தது. குறிப்பு இந்தக் கடைசி வரியை மட்டும் மேற்கோள் காட்டி அடிக்கோடும் இட்டிருக்கிறது. திரும்பிப் போக எவ்வளவு செலவு என்பதை அடுத்த வரியில் சேர்க்க மறந்திருக்கலாம்.

ஆகவே குழு தன் படிவத்தில் ஒரே ஒரு பத்தியைக் கூட்டினால் போதும்: இப்போதைய மென்பொருளிலிருந்து 2030இல் வெளியேற வேண்டுமானால் ஆகும் தொகை. அதை நிரப்பிய பிறகு கோப்பைச் சுற்றுக்கு விடலாம். விண்டோஸ் 10 கணினிகளை ஏலம் விடும் அறிவிப்பும் தயாராக இருந்தால் நகல் ஒன்று அனுப்பவும். லினக்ஸ் போட்டு ஓட்ட இங்கே ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
வண்டன்மேட்டில் வரி கட்டும் ஒருவர்