சூரியனைக் கிழக்கே மறைத்த குழுவுக்கு

பெறுநர்: தலைவர், திறந்தவெளி ஓவிய விழாக் குழு (பெயர் போடவில்லை, குழுவுக்குத் தெரியும்).
பொருள்: சூரியன் காணாமல் போனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தை மாதக் கடைசியில் மணப்பட்டுக் கடற்கரையில் நீங்கள் நடத்திய விழாவில் வரிசை எண் 43 ஆகக் கலந்துகொண்டவன் நான். வங்கியில் காசாளராக உட்கார்ந்தே காலத்தை ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தூரிகை பிடித்தவன். நோட்டு எண்ண விரல் நனைக்கும் ஸ்பாஞ்ச் இப்போது என் வண்ணப்பெட்டியில் இருக்கிறது. வானத்தில் நிறம் கூடிப்போனால் அதைக் கொண்டுதான் ஒற்றி எடுக்கிறேன். எனவே உங்கள் ஒலிபெருக்கி என்னை ‘அமெச்சூர்’ பிரிவில் நிற்கச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். நேசிப்பவன் என்று பொருள். சந்தேகமிருந்தால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா தாத்தா யாரையாவது கேளுங்கள்.

என் சிக்கல் தலைப்பில் இருக்கிறது. அழைப்பிதழில் அச்சடித்திருந்தீர்கள்: ‘கடலில் சூரிய அஸ்தமனம். இடம்: மணப்பட்டு. நேரம்: மாலை 4 முதல் 6.30 வரை.’

ஐயா, நான் பாகூர்க்காரன். எனக்குத் தெரிந்து இந்தக் கடலில் சூரியன் எழும், மறையாது. மறைவதெல்லாம் நமக்கு முதுகுப் பக்கம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால், பாகூர் ஏரி இருக்கும் திசையில். கிழக்கு எது என்பதை இந்தக் கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ‘தானே’ புயல் கரையேறியபோதே நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது.

அச்சுப் பிழையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு விதி 7-ஐப் படித்ததும் உங்கள் தொலைநோக்கு விளங்கியது. ‘புதுச்சேரி மாநில எல்லைக்கு உட்பட்ட காட்சிகளை மட்டுமே வரைய வேண்டும்.’ நம் மாநிலத்தில் கடலில் சூரியன் மறையும் இடம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது: மாஹே. கேரளக் கரையில், அரபிக் கடலோரம். மணப்பட்டிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர். விதிப்படி வரைந்து 6.30-க்குள் ஒப்படைக்க வேண்டுமானால் நான் முந்தின நாளே கிளம்பி, வரைந்து முடித்து, ஹெலிகாப்டரில் திரும்பியிருக்க வேண்டும். பயணப்படி பற்றி அழைப்பிதழில் ஒன்றும் இல்லை.

நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்தோம். சிறப்பு விருந்தினர் ஐந்தேகாலுக்கு வந்தார். சால்வைகள் போர்த்தி முடிப்பதற்குள் சவுக்குத் தோப்பின் நிழல் மணலில் நீண்டு வந்து என் செருப்பைத் தொட்டுவிட்டது. ஓவியனுக்குக் கூலி கொடுப்பது வெளிச்சம். அதிலிருந்து நீங்கள் பிடித்தம் செய்த ஒன்றேகால் மணி நேரத்துக்கு எந்த வங்கியிலும் ரசீது கிடைக்காது. ஒலிபெருக்கி மறுபடியும் தலைப்பை அறிவித்தபோது, பக்கத்தில் வலைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் கையை நிறுத்தினார். “இன்னா சார், சூரியன் இந்தப் பக்கமா வுழுது? இத்தினி வருசமா நான்தான் தப்பா பாத்துனு இருந்தேனா?”

காகிதம் தந்தீர்கள், நன்றி. அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகித ஆலை 1959-இலிருந்து நம் ஊரிலேயே காகிதம் செய்கிறது. ஆனால் நீங்கள் தந்தது சார்ட் பேப்பர். தண்ணீர் பட்டதும் அப்பளமாக உப்பியது. வீட்டிலேயே வரைந்து எடுத்து வந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம், வலது மேல் மூலையில், வட்ட முத்திரை குத்தியிருந்தீர்கள். என் வானத்தில் அது எட்டணா அளவுக்கு இருந்தது.

பிறகு நடந்ததைச் சொல்கிறேன். சூரியன் மேற்கே விழுந்த கையோடு கிழக்கே அடிவானத்திலிருந்து ஒரு சாம்பல் நீலப் பட்டை மெல்ல எழும்பும். மேகம் என்றுதான் நானும் பல வருடம் நினைத்திருந்தேன். மேகமில்லை, பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டையின் நிழலே காற்றில் விழுந்து மேலேறுகிறது. அதன் தலையில் வெளுத்த ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. கீழே கடல் ஈயம் பூசியதுபோல் இருக்கும். மொத்தமே சில நிமிடக் கணக்குதான். அல்ட்ராமரினில் ஒரு துளி பர்ன்ட் சியன்னா கலந்து அந்த நிழலைப் போட்டேன். உப்புக் காற்றில் வாஷ் காயவே இல்லை. மணல் வேறு வந்து ஒட்டியது. இருந்தாலும், ஐயா, அந்த ஒரு பட்டை மட்டும் எனக்குச் சரியாக வந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குச் சரியாக வந்த மூன்றாவது விஷயம் அது.

நடுவர் வந்தார். “சூரியன் எங்கே?” என்றார். பின்னால் கை காட்டினேன். திரும்பிப் பார்த்தார், மரங்கள். “தலைப்புல கடல்னு போட்டிருக்கே, சார்” என்றார், என் மேல் உண்மையான இரக்கத்தோடு.

முதல் பரிசுப் படத்தைப் பார்த்தேன். கடலுக்குள் பாதி இறங்கிய ஆரஞ்சுப் பந்து, அதிலிருந்து கரைவரை தங்க ரோடு, முக்கோணப் பாய் கட்டிய படகு. நம் கரையில் நிற்பதெல்லாம் மோட்டார் மாட்டிய ஃபைபர் படகு. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அவன் தலைப்பை நம்பினான், போனில் தேடினான், கிடைத்ததைப் போட்டான். அவன் மட்டுமா? எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பலர் கடலுக்கு முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துத்தான் கடலை வரைந்துகொண்டிருந்தார்கள். வண்ணத்தைத் தகரக் குழாயில் அடைக்கும் வழியை 1841-இல் ஜான் கோஃப் ராண்ட் கண்டுபிடித்த பிறகுதான் ஓவியர்கள் வண்ணத்தைச் சுலபமாகத் தூக்கிக்கொண்டு வெளியே வர முடிந்தது. வெளியே வந்தது வெளியில் இருப்பதைப் பார்க்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ வரைந்த சில்பி கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தவர். நல்லவேளை, அவருக்குத் தலைப்பு கொடுக்க உங்கள் குழு இல்லை. நடராஜர் கால் மாற்றி ஆடியிருப்பார்.

உதயமா அஸ்தமனமா என்ற விஷயத்தில் படம் பார்ப்பவர்கள் கொஞ்சம் பைத்தியங்கள். பிரெஞ்சு ஓவியர் மோனே லெ ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த படத்துக்கு ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’ என்று பெயர். அது உதயமா, அஸ்தமனமா என்று பிறகு விவாதம் கிளம்பியது. கடைசியில் டொனால்ட் ஓல்சன் என்ற அமெரிக்க வானியலாளர் அலை ஏற்றம், சூரியன் நின்ற இடம், அன்றைய வானிலை எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, 1872 நவம்பர் 13 காலையாக இருக்கலாம், உதயமேதான் என்று 2014-இல் சொன்னார். ஒரு படத்துக்கு இவ்வளவு பாடு. நீங்கள் ஒரு தீர்மானத்தில் வங்காள விரிகுடாவைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள்.

அடுத்த விழாவை விடிகாலை ஐந்தரைக்கு வைத்தால் உங்கள் ஆரஞ்சுப் பந்து அதே கடலில் கிடைக்கும். ஆனால் அந்த நேரத்தில் சிறப்பு விருந்தினர் கிடைக்க மாட்டார் என்பதும் எனக்குப் புரிகிறது. இல்லையென்றால் மாஹேவுக்கு ஒரு பஸ் போடுங்கள். சாப்பாட்டை நானே கட்டிக்கொண்டு வருகிறேன்.

இன்னொன்று. முத்திரை மை தண்ணீரில் கரையும் மை. நான் வானத்தை நனைத்தபோது எவ்வளவு ஒதுக்கியும் அந்த வட்டம் கசிந்து, நேர்கீழே கடல்வரை இறங்கிவிட்டது. பரிசு இல்லாத படம் என்பதால் கையிலேயே கொடுத்தனுப்பினீர்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது டீக்கடை பெஞ்சில் காயவைத்தேன். கடைக்காரர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“சார், சூரியன் ஜோரா வந்துக்குது. கடல்ல அதோட நெழல் கூட வுழுந்துக்குது. ஆனா இன்னாத்துக்கு ஊதா கலர்ல போட்ட?”

நான் பதில் சொல்லவில்லை. முத்திரை உங்களுடையது.

இப்படிக்கு,
வரிசை எண் 43