பாதை வராத துறை

குறுமண்வெளித் துறையில் மண்டூர்ப் பாதைக்காகக் காத்து நின்றோம். (பாதை என்றால் எங்களுக்கு ரோட்டு அல்ல, ஆட்களையும் சைக்கிளையும் ஆற்றைக் கடத்தும் மிதவை.) பக்கத்தில் பன்பையோடு நின்ற ஆச்சி கேட்டார்:

"மனே, மாகாண சபைக்கு எப்ப வோட்டு?"

"எல்லை பிரிக்கணுமாம் ஆச்சி."

"என்ன எல்லை? எங்கட வயலுக்கு வரம்பு கட்ட ஒரு கிழமை போதுமே!"

ஆச்சிக்கு அரசியலமைப்புத் தெரியாது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அன்றிலிருந்து ஜனாதிபதி அனுப்பும் ஆளுநர்தான் மாகாணத்துக்கு அப்பனும் ஆத்தையும். 2012இல் பதினேழு வயதில் பாடசாலைக்குப் போன பொடியன் கலியாணம் கட்டிப் பிள்ளையும் பெற்றுவிட்டான். மாகாணத்துக்கு ஒரு வோட்டுப் போட இன்னும் கொடுத்து வைக்கவில்லை.

வோட்டு யாருக்கு என்ற சண்டை இங்கே பழசு. அரசியலமைப்பை ஆராய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது, 1927இல், நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வாக்கு. காசும் படிப்பும் உள்ள ஆம்பிளைகள். எல்லாருக்கும் கொடுக்கலாம் என்றதும் பெரிய மனிதர்களுக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதனே எதிர்த்தார். சாதியில் குறைந்தவனும் பெண்பிள்ளையும் வாக்குப் போட்டால் உலகம் கவிழுமாம். 1931இல் இருபத்தொரு வயதான ஆணும் பெண்ணும் போட்டார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். உலகம் கவிழவில்லை. பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அந்த உரிமை வர மேலும் பதின்மூன்று வருஷம் பிடித்தது.

பிறகு 1948, 49இல் சட்டம் போட்டு மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தார்கள். அது பட்டப்பகல் கொள்ளை. இப்போதைய கள்ளர் நாகரிகமானவர்கள். வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயரை அழகாக அச்சடித்து வைப்பார்கள். பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தூக்கிய விதத்தைப் பாருங்கள். 2017 செப்டெம்பரில் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் வந்தது. வேட்பாளர் பட்டியலில் நூற்றுக்கு முப்பது பெண்கள் வேண்டும் என்பது அதன் நோக்கம். குழுநிலையில் திருத்தம் திருத்தமாகச் செருகி, தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். புது முறைக்குப் புது எல்லை வேண்டும், எல்லை வரும்வரை தேர்தல் இல்லை. பெண்களின் முந்தானைக்குள் ஒளித்து எல்லாருடைய வாக்கையும் கடத்திய கெட்டித்தனம் இது. தமிழ், முஸ்லிம் கட்சிகளின் கைகளும் அன்று உயர்ந்தன. அந்தக் கைகள்தான் இப்போது மைக்கைப் பிடித்து "மாகாண சபைத் தேர்தலை உடனே நடத்து" என்று முழங்குகின்றன.

எல்லை அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. ஆதரவு: பூச்சியம். எதிர்ப்பு: 139. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார். தன் வீட்டுக் கலியாணத்துக்குத் தானே ஒப்பாரி வைத்த மனிதர் வேறெங்காவது உண்டா? பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு. இரண்டு மாதத் தவணை. அந்த இரண்டு மாதம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறதோ!

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? 2023 மார்ச் 9க்குக் குறித்த உள்ளூராட்சித் தேர்தலையும் தூக்கினார்கள். இம்முறைச் சாட்டு எல்லையல்ல, காசில்லை என்பது. அந்த வருஷம் பெப்ரவரியில் எழுபத்தைந்தாவது சுதந்திர தின அணிவகுப்புக்கு மட்டும் காசு இருந்தது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. தேர்தல் 2025 மே 6 வரை இழுபட்டது.

இந்தக் கதையெல்லாம் ஆச்சிக்குச் சொல்லி முடிக்கப் பாதை கரையைத் தட்டியது. ஆச்சி அடையாள அட்டையைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் செருகியிருந்தார். ஏறும்போது திரும்பினார்.

"அந்த நூத்தி முப்பத்தொம்பது பேரும் வோட்டுப் போட்டாங்களா மனே?"

"ஓம் ஆச்சி."

"அப்ப அவங்களுக்கு மட்டும் வோட்டு இருக்கு."